பனி விழாத கடைசிப் பக்கம்

அவர்கள் இருவரும் முதன்முதலில் பேசிக்கொண்டது நூலக மேசையில்தான். செப்டம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மணி மூன்றரை இருக்கும். அந்தப் பேச்சு அங்கே வேலை பார்க்கும் நாரேவுக்கு இன்றும் வரிசை குலையாமல் நினைவில் இருக்கிறது.

முதலில் வந்தது பிளீச்சிங் வாசனை. கணினியிலிருந்து தலையை நிமிர்த்தியபோது, மேசைக்கு அந்தப் பக்கம் கரும்பச்சைச் சீருடை போட்ட ஒரு பெண்மணி நின்றிருந்தார். அறுபதைத் தாண்டியிருக்கும். வலது மணிக்கட்டில் அகலமான பட்டை சுற்றியிருந்தார். கையில் ஒரு காகிதம். நூலகம் சுற்றுவட்டாரக் குடியிருப்புகளின் லிஃப்டுகளில் ஒட்டச் சொல்லிக் கொடுத்திருந்த அறிவிப்பு அது. ஒட்டியதை அப்படியே உரித்துக் கொண்டுவந்திருந்தார், நாலு மூலையிலும் பசை நாடாவோடு.

படப் புத்தகம் பண்ணக் கற்றுக்கொடுப்பது இங்கேதானா என்று கேட்டார். நாரே ஆமென்றாள். செவ்வாய்க்கிழமைதோறும், இரண்டு மணிக்கு. தன் வேலை மூன்றுக்குத்தான் முடியும் என்றார் அவர். வகுப்பு இரண்டுக்குத்தான் தொடங்கும் என்று நாரே திரும்பவும் சொன்னாள். அவர் வாதாடவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டிலிருந்து நாலரை வரை என்றால் முதலில் பேச்சு, பிறகு வரைவது, அப்படித்தானே என்றார். அப்படித்தான்.

"அப்ப பேச்சு எனக்கு வேண்டாம். பேச்சுதான் நாள் முழுக்கக் கேக்கிறேனே. வரையறதுக்கு வந்துடறேன்."

இதற்கு முன்னால் வரைந்ததுண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. நாரே அதைப் படித்துக் காட்டினாள்.

"தரை துடைச்சிருக்கேன்," என்றார் அவர். "அதுவும் மூலையில ஆரம்பிச்சு வெளிய வர்ற வேலைதான்."

நாரேவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்காததால் அவளும் சிரிக்கவில்லை. பெயர் கேட்டாள். தக் கும்ரே. முகவரி கேட்டாள். பின்னால் இருக்கும் குடியிருப்பில் மூன்றாவது கட்டடமும் நாலாவது கட்டடமும் என்றார். கதவு எண் என்ன என்றாள் நாரே.

"கதவு நம்பர்னு ஒண்ணு இல்லை. எல்லாக் கதவும்தான்."

அவர் அங்கே குடியிருப்பவர் இல்லை, துடைக்க வருகிறவர் என்று அப்போதுதான் நாரேவுக்குப் புரிந்தது, முகம் சூடாகிவிட்டது. அதை மறைக்க, இந்த வருடப் புத்தகங்கள் எல்லாமே கிறிஸ்துமஸைப் பற்றியவை, நாலு வயதிலிருந்து ஏழு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு, நம்பிக்கை தரும்படி இருக்க வேண்டும், டிசம்பரில் கண்காட்சி என்று மளமளவென்று ஒப்பித்தாள். கும்ரே முழுவதையும் கேட்டார். அதற்காகத்தான் வந்தேன் என்றார்.

"என்கிட்ட ஒரு கதை இருக்கு. அதுல பனி பெய்யாது."

சொல்லிவிட்டு, உரித்த அறிவிப்பை மேசைமேல் விரித்து வைத்தார். அதை மறுபடி ஒட்டிவிடுவதா வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம், இடம் நிரம்பிவிட்டது என்றாள் நாரே. எட்டாவது பெயர் அவருடையது.

*

அந்த நூலகத்துக்கு வருகிற எல்லாரையும் டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். வகுப்பெடுப்பவரும் டீச்சர், கற்க வருபவரும் டீச்சர், பெருக்குகிறவரும் டீச்சர். வகுப்பெடுத்த சே டீச்சர் முதல் நாள் "தக் டீச்சர்" என்று கூப்பிட்டபோது கும்ரே திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். யாருமில்லை.

"ஆறாங்கிளாஸோட நின்னவளை டீச்சராக்கிட்டீங்க. இனிமே யாரை அடிக்கலாம்னு சொல்லிடுங்க," என்றார். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். அதன்பிறகு அவர் பேசியது குறைவு. வருவார், கையைக் கழுவுவார், மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி மேல்சட்டைப் பையில் வைப்பார், வரைவார். சில நாள் வரைந்துகொண்டிருக்கும்போதே கண் சொருகிவிடும். பென்சில் காகிதத்தில் நின்ற இடத்திலேயே நிற்கும். நாரே பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவாள்.

அவர் தன்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் துண்டு துண்டாக வந்ததுதான். பிறந்தது தேபெக் மலையில், நிலக்கரிச் சுரங்க ஊரில். அங்கே பனி காலையில் வெள்ளையாக விழும், மத்தியானத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். பதினைந்து வயதில் தலைநகர் சியோலுக்கு வந்து தையல் ஆலையில் சேர்ந்தார். சட்டைக் காலர் மட்டும் இருபத்தாறு வருடம் தைத்தார். முழுச் சட்டை ஒன்றுகூடத் தைத்ததில்லை. கண் மங்கியதும் அந்த வேலை போயிற்று. புருஷன் சாமான் வண்டி ஓட்டியவர், இறந்து பதினோரு வருடமாகிறது. மகன் கோஜே தீவில் கப்பலுக்குச் சாயம் அடிக்கிறான், அறுவடைத் திருநாளுக்கு போன் பண்ணுவான். இந்தக் குடியிருப்பில் துடைக்க வந்து ஒன்பது வருடம். இரண்டு கட்டடம், ஒவ்வொன்றிலும் இருபது மாடி. மேலிருந்து கீழே. முதலில் காய்ந்த துடைப்பம், பிறகு ஈர மாப்பு.

குளிர்காலத்தில் மேல்மாடிகள் ஒன்றும் பிரச்சினையில்லை என்பார். வாசல்தான். பனி பெய்தால் வாட்ச்மேன்கள் வழியெங்கும் பனி உருக்கும் உப்பைக் கொட்டுவார்கள். அது சேறோடு சேர்ந்து நூறு ஜோடிக் காலணிகளில் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். துடைத்தால் போகும். காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் பூத்து மறுபடி எழும்பும். திரும்பவும் துடைக்க வேண்டும். ஐந்து தடவை, ஆறு தடவை. அந்த உப்பு இரப்பர் கையுறைக்குள்ளும் நுழைந்து விரல் இடுக்கை வெடிக்க வைக்கும்.

போன கிறிஸ்துமஸ், விடுமுறை நாள். விடியற்காலையில் பனி கொட்டியது. நிர்வாக அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். பஸ் ஓடவில்லை, நாற்பது நிமிடம் நடந்து வந்தார். வாசல் சரிவில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு விரிசல் விட்டது. விரிசல் என்று தெரிந்தது மூன்று நாள் கழித்துத்தான். அன்றைக்கு எழுந்து மிச்ச வேலையை முடித்துவிட்டுத்தான் போனார். அப்போது லிஃப்டில் ஏழாவது மாடிப் பெண்குழந்தை ஒன்று, பனியில் சறுக்கும் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏறியது. அந்தப் பிள்ளை நவம்பரிலிருந்தே பனி கேட்டு வேண்டிக்கொண்டிருந்தது. முகமெல்லாம் சிவந்து, உங்களுக்குப் பனி பிடிக்குமா என்று கேட்டது.

"ரொம்பப் பிடிக்கும்னு சொல்லிட்டேன்," என்றார் கும்ரே. யாருடைய வீட்டிலோ எதையோ எடுத்துவிட்டதை ஒப்புக்கொள்வதுபோல் சொன்னார். "இந்த வயசுல, அந்தச் சின்னப் பொண்ணுகிட்ட பொய் சொல்லிட்டேன். அது இன்னும் என்னைப் பாக்கிறப்பெல்லாம், நம்ம ரெண்டு பேருக்கும் பனி பிடிக்கும்லன்னு சொல்லுது."

அந்தப் பிள்ளை சனிக்கிழமைகளில் இந்த நூலகத்துக்கு வரும். கண்காட்சியில் இருக்கும் புத்தகங்களை எடுத்துப் பார்க்கும். அதற்குத்தான் இந்தப் புத்தகம். நேரில் சொன்னால் பிள்ளைக்குக் கஷ்டமாகிவிடும், கதையில் சொன்னால் புரிந்துகொள்ளும் என்பது அவர் கணக்கு.

கதை இதுதான். ஒரு சிறுமி கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கடிதம் போடுகிறாள்: பனி வேண்டும். அதே கட்டடத்தைத் துடைக்கும் ஒரு அம்மாவும் கடிதம் போடுகிறாள்: பனி வேண்டாம், ஒரு நாள் மட்டும். இரண்டு கடிதமும் ஒரே பையில் போகின்றன. தாத்தா தாடியைச் சொறிகிறார். எதற்கும் நேரில் பார்த்துவிடலாம் என்று அந்தக் கட்டடத்துக்கே வருகிறார். வந்தவர் அப்போதுதான் துடைத்த தரையில் பூட்ஸோடு மிதித்துவிடுகிறார். அந்த அம்மா, நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது, காயட்டும் என்கிறாள். தாத்தா மூட்டையோடு அங்கேயே நிற்கிறார். தரை காயும்வரை மூன்று பக்கம் நிற்கிறார். கிறிஸ்துமஸ் அன்று பனி பெய்யவில்லை. சிறுமி ஒரு பக்கம் முழுக்க அழுகிறாள். பிறகு கீழே வந்து பார்க்கிறாள். தரை காய்ந்திருக்கிறது. சைக்கிள் ஓட்டலாம்.

படங்களில் யாருக்கும் முகம் கிடையாது. எல்லாம் கணுக்கால் உயரத்திலிருந்து வரைந்தவை. செருப்புகள், பூட்ஸ்கள், கதவின் அடிப்பாகம், சைக்கிள் சக்கரம், நாயின் வயிறு. சே டீச்சர் முதலில் முகம் வரையப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். பிறகு பூட்ஸ்களைப் பார்த்துப் பார்த்து, இது இப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். தாத்தா குற்ற உணர்ச்சியோடு நிற்பது அந்த இரண்டு பூட்ஸ் நுனிகளிலேயே தெரிந்தது.

சண்டை கடைசிப் பக்கத்தில்தான். சண்டை என்றும் சொல்ல முடியாது, இரண்டு பேருமே குரல் உயர்த்தவில்லை. கும்ரே வரைந்த கடைசிப் பக்கத்தில் விடிந்த முற்றம் இருந்தது. காய்ந்த தார்த் தரை, சுவரில் சாய்த்த துடைப்பம், அவ்வளவுதான். சே டீச்சர் ஐந்து புத்தகம் போட்டவர், பிள்ளைகளோடு பழகியவர். பிள்ளை இந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு இன்னும் இருக்கிறதா என்று தேடும் என்றார். வெறும் தரையில் நம்பிக்கையை யார் பார்ப்பார்கள் என்றார். ஒரு யோசனையும் சொன்னார்: அந்த அம்மாவின் ஆசைப்படி காலைவரை பனி வேண்டாம், கடைசிப் பக்கத்தில் மட்டும் மெல்ல ஒன்றிரண்டு துளி இறங்கட்டும். இரண்டு கடிதத்துக்கும் பதில் கிடைத்த மாதிரி இருக்கும்.

"ஒண்ணு ரெண்டோட நிக்கிற பனியை நான் பாத்ததில்லை டீச்சர்," என்றார் கும்ரே.

அவர் அந்தப் பக்கத்தை நாலு தடவை வரைந்தார். தார்த் தரையின் கறுப்பு சரியாக வரவில்லை என்று ஒவ்வொரு தடவையும் நிறையத் தண்ணீர் விட்டார். காகிதம் அப்பளம்போல் நெளிந்துவிட்டது. மற்றப் பக்கங்களையெல்லாம் நாரே ஸ்கேன் பண்ணி முடித்திருந்தாள். இதை மட்டும், நெளிவு போக ஒரு வாரம் கனமான புத்தகங்களுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவாருங்கள் என்று திருப்பிக் கொடுத்தாள். சொன்னது அவள்தான். அதை அவள் மறக்கவில்லை.

*

கும்ரேயிடம் கனமான புத்தகங்கள் நிறைய இருந்தன. பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அந்தக் குடியிருப்பில் படப் புத்தகங்களை மொத்த வரிசையாகத் தூக்கி வெளியே வைத்துவிடுவார்கள். முப்பது, நாற்பது, பிரிக்காத புத்தகங்கள்கூட இருக்கும். புதன்கிழமை பழைய காகித வண்டி வருவதற்கு முன்னால் அவர் சிலதை எடுத்து, நிலவறையில் தண்ணீர்ப் பம்புக்குப் பக்கத்தில் துடைக்கிறவர்களுக்கென்று இருந்த அறையில் அடுக்கி வைப்பார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் காலை நீட்டி ஒவ்வொன்றாகப் பார்ப்பார். படப் புத்தகத்தைப் பற்றி அவர் கற்றதெல்லாம் அங்கேதான். கடைசிப் பக்கத்துக்காக வரைந்த நாலு ஓவியங்களையும் அவற்றில் மிகப் பெரிய புத்தகத்துக்குள் வைத்திருந்தார்.

நவம்பர் முதல் புதன் அன்று மணிக்கட்டில் ஊசி போட்டுக்கொள்ள விடுப்பு எடுத்தார். அன்றைக்கென்று பார்த்துத் தீயணைப்புச் சோதனை வந்தது. நிலவறையில் காகிதம் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கூட வேலை பார்க்கும் சுக்ஜா, அக்கா வருவதற்குள் முடித்துவிடலாம் என்று எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கயிறால் கட்டி வெளியே வைத்துவிட்டாள். வண்டி வந்து போய்விட்டது.

சுக்ஜா கட்டும்போது உள்ளே பார்க்காமல் இல்லை. பார்த்தாள். டிசம்பர் நெருங்க நெருங்க, பாலர் பள்ளிப் பிள்ளைகள் ஒரு வருடமாக வரைந்த படங்கள் எல்லா வாசலிலும் கட்டுக் கட்டாக வந்து விழும். அவள் அதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

"ஏதோ சின்னப் பிள்ளை வரைஞ்சதுன்னு நெனச்சேன்க்கா," என்று அழுதாளாம். கும்ரே இதை நாரேவிடம் சொன்னபோது லேசாகச் சிரித்தார். அதையும் ஒரு பாராட்டு என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார். அவள் பாவம், அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது என்றார். நான் சொன்னதால்தானே என்று நாரே ஆரம்பிப்பதற்குள் அவர் கையைக் கழுவப் போய்விட்டார்.

அச்சகத்துக்குக் கோப்பு போக வேண்டியது அந்த மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை மதியம். அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை கும்ரே வகுப்புக்கு வந்து புதுக் காகிதத்தின் முன்னால் உட்கார்ந்தார். ஒரு வாரம் மாப்பைப் பிழியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிழியாமல் யார் துடைப்பது. நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். ஒரு கோடு போடவில்லை. பிறகு எழுந்து மேல்சட்டையை மாட்டிக்கொண்டார்.

"கை வரலை. யாராச்சும் போட்டுடுங்க. எப்படி இருந்தாலும் சரி."

அவர் போனபின் சே டீச்சர் நாரேவைப் பக்கத்தில் கூப்பிட்டார். நீ ஓவியக் கல்லூரியில் படித்தவள்தானே, அவர் பாணியில் நீயே போட்டுவிடு, பனியும் வரட்டும், புத்தகமும் நன்றாக முடியும் என்றார். அவர் களைத்துவிட்டார், சுமையை இறக்கிவைத்தால் சந்தோஷப்படத்தான் செய்வார் என்றார். சே டீச்சர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று நாரேவுக்குத் தெரியும். அவளும் எதிர்த்துப் பேசுகிறவள் அல்ல. யாரிடமாவது ஒன்றைக் கேட்பதைவிட, தானே செய்துவிடுவது அவளுக்கு எப்போதும் சுலபம்.

புதன்கிழமை பகல் முழுக்கக் கணினியில் வரைந்தாள். அதே கணுக்கால் உயரம், அதே முற்றம், அதே துடைப்பம். மேலேயிருந்து பெரிய பெரிய பனித்துளிகள். துடைப்பத்தின் தலையில் ஒரு சிறு வெள்ளைக் குவியல். வரைந்து முடித்தபோது படம் அவளுக்கே பிடித்திருந்தது. அதுதான் அவளை உறுத்தியது. தன் பெயரைப் போட முடியாத இடத்தில் தன் பக்கம் அழகாக உட்கார்ந்திருந்தது.

கோப்பில் அதைச் சேர்க்க வேண்டிய இடத்தில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அமுக்கவில்லை. வியாழக்கிழமை மூன்று மணிக்கு அதை அச்செடுத்துக்கொண்டு பின்னாலிருந்த குடியிருப்புக்குப் போனாள்.

மூன்றாவது கட்டடத்தின் வாசலில் கும்ரே வாளித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தை மிதிக்காமல் நாரே ஓரமாகச் சுற்றி வந்தாள். கும்ரே கையுறையைக் கழற்றி, படத்தை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அழகா இருக்கு," என்றார். பிறகு, "இதை யார் பெருக்குவா?"

கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாக, இன்றைக்கு யாருடைய முறை என்று கேட்பதுபோல்தான் கேட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்றாள் நாரே. பனிக்காகவும், கனமான புத்தகத்தில் வையுங்கள் என்று சொன்னதற்காகவும், ஒரே மன்னிப்பில் எல்லாவற்றையும் அடக்கிவிடப் பார்த்தாள்.

கும்ரே படிக்கட்டில் உட்கார்ந்தார். அவளையும் உட்காரச் சொன்னார். பையிலிருந்து சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்தார். ஆறிப்போயிருந்தது. காலையிலிருந்து மாப்போடு மாப்பாக அந்தப் பக்கத்தைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்றார். தொலைந்துபோன படம் ஒன்றும் அவ்வளவு நன்றாக இல்லை என்றார்.

"சே டீச்சர் சொன்னது பாதி சரிதான். நான் போட்டதுல தரை இருந்துது, துடைப்பம் இருந்துது. ஆள் இல்லை. அந்த அம்மா எங்கேன்னு பிள்ளை கேக்கும்ல?"

எங்கே என்றாள் நாரே.

"தூங்குறா. அதுக்குத்தானே கடிதமே போட்டா."

சொல்லிவிட்டுக் கொஞ்சம் கிழங்கை மென்றார். அதை வரையத்தான் தனக்குத் தெரியாது என்றார். கண்ணால் பார்த்தது மட்டுமே அவருக்கு வரைய வரும், பார்க்காததைக் கற்பனை பண்ண வராது. தான் தூங்குவதைத் தான் பார்த்ததில்லை. ஒரு பெரிய ஆள் நிம்மதியாகத் தூங்குவதை உட்கார்ந்து பார்த்தே பல வருடமாகிறது. மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் அவர் எழுந்து பஸ்ஸுக்கு ஓடுகிறார். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்த்தது தூக்கமில்லை.

நாரே கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றரை. நாளை மதியத்துக்கு இன்னும் இருபது மணிநேரம் இருந்தது. அவளுக்கு வழக்கமில்லாத ஒரு காரியத்தைச் செய்தாள்: முழங்கையைப் பிடித்து அவரை எழ வைத்து, நூலகத்துக்கு அழைத்துப் போனாள்.

நூலகத்தின் பிள்ளைகள் பகுதிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். குளிருக்காகத் தரையின் அடியில் சூடு ஓடும். வியாழக்கிழமை அந்த நேரத்தில் பிள்ளைகள் எல்லாம் டியூஷனில் இருப்பார்கள், ஒருவருமில்லை. நாரே கதவைச் சாத்தினாள். காகிதம், சாயம், ஒரு கிண்ணம் தண்ணீர் எடுத்துவந்து வைத்தாள். தண்ணீரைக் குறைவாகவே ஊற்றினாள். கும்ரே தாழ்ந்த அலமாரியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றினார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார். சூடான தரை அவருக்குச் சுகமாக இருந்திருக்க வேண்டும். ஒரு கணம் அவர் கண்ணே மூடப் பார்த்தது. தலையை உலுக்கி நிமிர்ந்தார்.

புகைப்படத்துக்குக்கூட முகம் காட்டாமல் திரும்பிக்கொள்கிறவள் நாரே. அடுத்து என்ன வரப்போகிறது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கும்ரே, பிள்ளைகளுக்காக மடித்து வைத்திருந்த மஞ்சள் போர்வையை அவள் பக்கம் தள்ளினார்.

"நேத்து முழுக்க வரைஞ்சிருக்கே, கண்ணுலயே தெரியுது. இங்க படுத்துக்கோம்மா. போர்வையை நல்லா இழுத்து மூடிக்கோ, கால் மட்டும் வெளிய இருக்கட்டும், எனக்குக் கால்தான் வரும். கண்ணை மூடிட்டு நடிக்காதே, நடிச்சா கால் விரல்ல தெரிஞ்சுடும். நெஜமாவே தூங்கு."